கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி மானுடவியலுக்கு: எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது?

செங்காந்தள்

எல்லோருக்கும் வணக்கம். குப்பர்டினோவில் டி ஆன்சா என்ற இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் முதல் வருடத்தை முடிக்கப் போகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சமூக அறிவியலில் ஒரு பொதுப்பாடம் வேண்டுமே என்று பண்பாட்டு மானுடவியல் எடுத்தேன். அதற்கப்புறம் மனசு அந்தப் பக்கமே நிற்கிறது.

அந்த வகுப்பில் ஏதாவது ஒரு பொது இடத்தில் உட்கார்ந்து, நடப்பதைக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். நான் சன்னிவேல் பக்கம் ஒரு கோயில் கேன்டீனுக்குப் போனேன். கவுன்டரில் நின்றவர், வருகிறவர்கள் வாயைத் திறக்கும் முன்பே சிலரிடம் தெலுங்கிலும் சிலரிடம் தமிழிலும் பேச ஆரம்பித்தார். பெரும்பாலும் தப்பவில்லை. நெற்றியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாரா, புடவைக் கட்டை வைத்தா என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். "அவரிடமே கேட்டாயா?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார் பேராசிரியர். மறுபடி போய்க் கேட்டேன். "செருப்பு விடுற இடத்துலயே உங்க பேச்சு காதுல விழுந்துடும்மா" என்றார் அவர். இந்தப் படிப்பைத்தான் தொடர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

2027 இலையுதிர் பருவத்தில் யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றுக்கு, மூன்றாம் வருடத்தில் மாற வேண்டும். "முதலில் பொதுப்பாடங்களை முடி, மேஜர் (முதன்மைத் துறை) பாடங்களை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூடப் படிப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது சரியா? இன்னொரு விஷயம், நான் எச்4, அதாவது அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் இருக்கிறேன். எனக்கு 19 வயது. கிரீன் கார்டு வரிசை நகர்கிற மாதிரி இல்லை. அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

பே ஏரியாவில் ஒரு கல்லூரியில், பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு வழிகாட்டும் டிரான்ஸ்ஃபர் சென்டரில் வேலை பார்க்கிறேன் அம்மா. உன் தோழிகள் சொல்வது மானுடவியலுக்குப் பொருந்தாது. இந்த மேஜரின் அடிப்படைப் பாடங்களே பொதுப்பாடக் கணக்கிலும் சேர்ந்துவிடுகின்றன. உயிரியல் மானுடவியல் எடுத்தால் உயிர் அறிவியல் கட்டம் நிரம்பும். அதோடு ஆய்வகத்தையும் எடுத்தால் ஆய்வகக் கட்டமும் முடிந்தது. பண்பாட்டு மானுடவியலும் தொல்லியலும் சமூக அறிவியல் கட்டத்துக்குப் போகும். இது தெரியாமல் வேறு உயிரியல், வேறு சமூகவியல் என்று எடுத்துப் பொதுப்பாடங்களை முடித்துவிட்டு, அப்புறம் மானுடவியலைத் தனியாகத் தொடங்குகிறவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அவர்களுக்குக் காலமும் வீண், பணமும் வீண்.

நீ 2025 இலையுதிரில் சேர்ந்தவள் என்றால் உனக்குப் பொருந்துவது கால்-கெட்சி. யூசிக்கும், மாநிலத்தின் இன்னொரு பொதுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டுக்கும் சேர்த்து ஒரே பொதுப்பாடத் திட்டம், செமஸ்டர் கணக்கில் 34 யூனிட் (பாட அளவு). பழைய ஐகெட்சி பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதே.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கல்லூரிப் பாடத்தை எந்த வளாகம் ஏற்கும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தைத் திற. உன் கல்லூரி, போக நினைக்கும் வளாகம், மேஜர், மூன்றையும் கொடு. இடப்பக்கம் அந்த வளாகம் கேட்கும் பாடம் இருக்கும், வலப்பக்கம் உன் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம் இருக்கும். ஒரே வளாகத்தில் பி.ஏ.வும் பி.எஸ்.ஸும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். பி.எஸ். பக்கத்தில் வேதியியல், உயிரியல் வரிசையெல்லாம் நிற்கக்கூடும். நாலைந்து வளாகங்களுக்கு இப்படிப் பார்த்து, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் பாடங்களைக் குறித்து வை. அவைதான் உன் அடுத்த இரண்டு குவார்ட்டர் (பருவம்).

டேக், அதாவது தகுதி இருந்தால் இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யும் திட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ், இந்த ஆறு வளாகங்கள்தான் இட உறுதி தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. ஆறில் ஒன்றுக்கு மட்டுமே டேக் போடலாம், அதுவும் செப்டம்பர் 1 முதல் 30க்குள். ஒவ்வொரு வளாகமும் கேட்கும் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேறு. டேக் போட்டாலும் அக்டோபர், நவம்பரில் வழக்கமான யூசி விண்ணப்பமும் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் உறுதி செல்லாது. ஜனவரியில் மதிப்பெண்களைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு படிவம் வரும். அதைத் தவறவிட்டு இடத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறுகிற வருடத்தின் வசந்த குவார்ட்டர் முடிவதற்குள் 90 குவார்ட்டர் யூனிட் இருக்க வேண்டும்.

கால் ஸ்டேட்டையும் ஒதுக்கிவிடாதே. அங்கே மாற உதவும் ஏஏ-டி என்ற இரண்டு வருட மானுடவியல் பட்டத்துக்கு உயிரியல், பண்பாடு, தொல்லியல் மூன்றும்தான் மையப் பாடங்கள். யூசிக்காக எடுப்பதே அதற்கும் உதவும்.

பாலைநிலம்

கம்யூனிட்டி காலேஜிலிருந்து சான்டா குரூஸ் போய் மானுடவியல் முடித்தேன். இப்போது கட்டுமான இடங்களில் தொல்லியல் கண்காணிப்பு வேலை.

வைகைக்கரை அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த வரிசையில் எடுப்பது என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். அமெரிக்காவில் மானுடவியல் என்றால் பண்பாடு, தொல்லியல், உயிரியல், மொழி என்று நான்கு கிளைகள். உங்களுக்கு இதுவரை தெரிந்தது ஒன்றுதான். அது பிடித்துவிட்டது, சந்தோஷம். ஆனால் மற்ற மூன்றையும் தொடாமல் வளாகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு சாய்வு உண்டு. டேவிஸில் பரிணாமம் படிப்பவர்களும் பண்பாடு படிப்பவர்களும் ஒரே துறைக்குள் இரண்டு அணிகளாக இருக்கிறார்கள். அங்கே குரங்கினங்களுக்கென்றே தேசிய ஆய்வு மையமும் இருக்கிறது. உங்களுக்குத் தொல்லியல்தான் என்றால், தோண்டும் பயிற்சிக்கு மாணவர்களை எந்தத் துறை கூட்டிப் போகிறது என்று பாருங்கள். போகிற இடத்தில் சில துறைகள் சீக்கிரமே கிளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். யூனிட்டுக்கு 31 டாலர் கொடுத்துத் தேடிப் பார்க்கிற வாய்ப்பு இங்கேதான்.

என் வேலையில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சவுத் பேயில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரத்தில் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மஞ்சள் களிமண்ணாக வந்துகொண்டிருந்தது சட்டென்று கறுத்தது. கையில் எடுத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பு, நடுவில் சிப்பித் துண்டுகள், நெருப்பில் வெடித்த கற்கள். மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து, சாப்பிட்டு, வாழ்ந்த இடத்தின் மண் அது. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எலும்பு தெரிந்தது. மனித எலும்பு கிடைத்தால் கலிஃபோர்னியா சட்டப்படி வேலை அங்கேயே நிற்க வேண்டும், கவுன்ட்டி மரண விசாரணை அதிகாரியைக் கூப்பிட வேண்டும். பூர்வகுடியினருடைய எலும்பு என்று அவர் கண்டால் 24 மணி நேரத்துக்குள் பூர்வகுடி மரபு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்த ஆணையம் வழித்தோன்றல் யார் என்று பெயர் குறிக்கும். பிறகு அவர் வந்து, இறந்தவரை என்ன செய்வது என்று சொல்வார். அது வரை யாரும் எதையும் அசைக்கக் கூடாது.

நாம் குடியிருக்கிற இந்த ஊரெல்லாம் ஓலோனி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1909இல் நெல்ஸ் நெல்சன் இந்த வளைகுடாவைச் சுற்றி 425 சிப்பி மேடுகளைக் குறித்து வைத்தார். எமரிவில்லில் இருந்த மிகப் பெரிய மேட்டின் மேல் இப்போது கடை வளாகம் நிற்கிறது. அங்கே இருக்கிற தெருவுக்குப் பெயரே ஷெல்மவுண்ட் (சிப்பி மேடு) தெரு. கீழடியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நம் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மணிமுத்தாறு

குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். எனக்கும் காலேஜ் போகிற வயதில் பெண் இருக்கிறாள். படிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விசா இந்த நிலையில் இருக்கும்போது கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு மானுடவியலுக்கு வருகிற பெண்ணின் அப்பா ராத்திரி தூங்குவாரா என்று யோசிக்கிறேன். வேலை நிலவரத்தை யாராவது உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். "ஆர்வம் இருந்தால் போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

பாலைநிலம்

நியாயமான கேள்வி சார். உள்ளதைச் சொல்கிறேன்.

பி.ஏ. முடித்த உடனே கிடைப்பது என் வேலை மாதிரியானவை. சாலை, பாலம், அணை, கட்டடம் என்று எது கட்டினாலும் 1966ஆம் வருட தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமும், 1970இன் கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் சட்டமும் பண்பாட்டுச் சின்னங்களைப் பார்த்து வரச் சொல்கின்றன. அதனால் வேலை உண்டு. ஆனால் ஆரம்பத்தில் சம்பளம் குறைவு, ஒரு திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும், ஊர் ஊராகப் போய் மோட்டலில் தங்க வேண்டும். தோண்டும் பயிற்சி முகாம் முடிக்காதவர்களைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். பொறுப்பான பதவிக்கு முதுகலை கேட்பார்கள். ஃபெடரல் அரசு வேலைகள் அநேகமாகக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான்.

டெக் பக்கமும் இடம் உண்டு. பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் என்ற ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர் மக்கள் நகல் இயந்திரத்தோடு எப்படித் திண்டாடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்து எழுதினார். 1987இல் வெளியான அந்த ஆய்வை மனித-கணினித் துறையில் இருப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1998இல் இன்டெல் ஜெனிவீவ் பெல் என்ற மானுடவியலாளரை வேலைக்கு எடுத்தது. செங்காந்தள் எடுத்த கம்ப்யூட்டர் பாடங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பைத்தான் தெரிந்த மானுடவியல் மாணவிக்கு ஆய்வுக்குழுவில் இடம் சீக்கிரம் கிடைக்கும். சான் ஹோசே ஸ்டேட்டில் பயன்பாட்டு மானுடவியலுக்கே முதுகலை இருக்கிறது, வீட்டிலிருந்து போய்வரலாம்.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது இல்லை. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊர் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள். சாம்பலில் எது மனித எலும்பு, எது நாயின் எலும்பு, எது உருகிய கூரைப் பொருள் என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? பக்கத்து ஊரான சிக்கோவில், கால் ஸ்டேட் வளாகத்தில், மனித அடையாள ஆய்வகம் இருக்கிறது. அதன் மானுடவியலாளர்களும் மாணவர்களும் வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். இறந்தவர்களை வீட்டாரிடம் சேர்க்க முடிந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நந்தியாவட்டை

டேவிஸில் பி.எஸ். மானுடவியல் படிக்கிறேன், நானும் டிரான்ஸ்ஃபர்தான். உயிரியல் கிளையைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

உயிரியல் மானுடவியல் பொதுப்பாடம்தானே, சுலபம் என்று நினைத்து ஆய்வகத்தை விட்டுவிடாதீர்கள். இந்தத் துறை பிடிக்குமா பிடிக்காதா என்று அங்கேதான் தெரியும். எங்கள் தேர்வில் அறை முழுக்க மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எலும்பு அல்லது வார்ப்பு. மணி அடித்ததும் அடுத்த மேஜைக்குப் போக வேண்டும். இடுப்பெலும்பு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்து வளைவில் கட்டை விரலை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விரல் இறுக்கமாக உட்கார்ந்தால் ஆணாக இருக்கலாம், இரண்டு பக்கமும் ஆட இடம் இருந்தால் பெண்ணாக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதை விட்டுவிட்டு எழுதினால் மதிப்பெண் குறையும். உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்லக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

கணக்குக் கட்டத்துக்குப் புள்ளியியல் எடுங்கள். கால்குலஸ் ஏற்கெனவே முடித்திருந்தாலும் எடுங்கள். எலும்பை அளந்தாலும் பானை ஓட்டை எண்ணினாலும் கடைசியில் புள்ளியியலில்தான் வந்து நிற்கிறோம். இங்கேயும் குவார்ட்டர் முறை, அதனால் டி ஆன்சாவிலிருந்து வருகிறவர்களுக்கு வேகம் பழகியிருக்கும். பெர்க்லியும் மெர்செட்டும் மட்டும் செமஸ்டர்.

தேரிக்காடு

விசா பற்றி நான் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. இந்தப் பாதையில் என் தம்பியோடு நடந்தவள்.

21 வயதானால் எச்4 முடிந்தது. உங்களுக்கு அது யூசியில் நடுவழியில் வரும். அப்பாவின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) நிலுவையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்க ஒரு சட்டம் இருக்கிறது, ஆனால் இந்திய வரிசையின் நீளத்துக்கு அது எல்லோரையும் காப்பாற்றாது. இப்போதே ஒரு குடியேற்ற வக்கீலிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் 21க்கு முன் எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். மாற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகும், கடைசி நேரம் வரை வைக்காதீர்கள்.

கட்டண விஷயம் இன்னும் முக்கியம். எச்4இல் இருக்கும்போது பெற்றோர் கலிஃபோர்னியாவில் நிலையாக இருந்தால் மாநிலவாசி கட்டணம் கிடைக்க வழி உண்டு. எஃப்1ஐ வைத்து அதைக் கோர முடியாது. மாநிலவாசி இல்லை என்றால் யூசியில் வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஏற்கெனவே மாநிலவாசியாகச் சேர்ந்தவர் நடுவில் விசா மாறினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு வளாகத்திலும் வதிவிடத்தைத் தீர்மானிக்கிற அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். தொலைபேசியில் கேட்டால் பின்னால் காட்ட எதுவும் இருக்காது. கல்லூரி வேறு, யூசி வேறு. இங்கே மாநிலவாசி என்று முடிவானது அங்கே தானாகச் செல்லாது.

எச்4இல் ஃபாஃப்சா மூலம் கிடைக்கும் ஃபெடரல் கல்வி உதவி கிடையாது, வளாகத்தில் சம்பள வேலையும் கூடாது. தோண்டும் பயிற்சிக்குச் சம்பளம் தருகிற இடமாக இல்லாமல் யூனிட் தருகிற இடமாகப் பாருங்கள். படிப்பு முடிந்து எஃப்1இல் ஓபிடி, அதாவது துறை சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். 24 மாத நீட்டிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள பட்டங்களுக்கு மட்டும். ஒரே மானுடவியல் துறை தரும் இரண்டு பட்டங்களுக்கு அந்தப் பட்டியலில் பார்க்கும் குறியீடு வேறு வேறாக இருக்கக்கூடும், எனவே சேருமுன் துறையிலேயே குறியீட்டைக் கேளுங்கள்.

மணிமுத்தாறு

பாலைநிலம், தேரிக்காடு இருவருக்கும் நன்றி. மறைக்காமல் சொன்னீர்கள். செங்காந்தள், இதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படி அம்மா. கட்டணக் கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டிவிடு. பாதி பயம் தெரியாததால் வருவதுதான்.

செங்காந்தள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து மொத்தத்தையும் படித்தேன். பாரடைஸ் பற்றி எழுதியிருந்ததை அவர் இரண்டு தடவை படித்தார். வக்கீலிடம் நேரம் வாங்கச் சொல்லிவிட்டார்.

அசிஸ்டில் ஐந்து வளாகங்கள் பார்த்தேன். உயிரியல், தொல்லியல், பண்பாடு மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. அடுத்த குவார்ட்டரில் உயிரியல் மானுடவியலை ஆய்வகத்தோடு எடுக்கிறேன், கூடவே புள்ளியியல். டேக் சான்டா குரூஸா டேவிஸா என்று ஆய்வகம் கொஞ்சம் நடந்தபிறகு செப்டம்பரில் முடிவு செய்யலாம் என்று நினைத்தேன், ஆனால் வகுப்பு தொடங்குவதே செப்டம்பர் கடைசியில்தான். கோடை வகுப்பில் எடுக்கலாமா? பெர்க்லிக்கும் விண்ணப்பம் போட ஆசை. தமிழ்ப் பீடம் இருக்கிற இடம், மானுடவியலோடு தமிழும் படிக்கலாம் என்பதால். கட்டுரையில் எதை எழுதுவது என்றும் தெரியவில்லை.

வைகைக்கரை

கோடையில் எடு. குறுகிய வகுப்பு, தினமும் ஆய்வகம் இருக்கும், வேறு எதையும் கூட வைத்துக்கொள்ளாதே. செப்டம்பர் பிறக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். டேக் ஒரு இடத்துக்குப் போட்டாலும் பெர்க்லி உட்பட மற்ற வளாகங்களுக்கு விண்ணப்பிக்கத் தடை இல்லை.

பெர்க்லி என்றால் ஒன்று தெரிந்துகொண்டு போ. 1901இல் தொடங்கிய அந்தத் துறையை வளர்த்தெடுத்தவர் ஆல்ஃபிரட் க்ரோபர். கட்டடத்துக்கு இருந்த அவருடைய பெயரை 2021இல் எடுத்துவிட்டார்கள். பூர்வகுடி மக்களின் எலும்புகளையும் புதைபொருள்களையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் சேர்த்து வைத்த வரலாறு அங்கே உண்டு. அவற்றைத் திருப்பித் தரச் சொல்லும் ஃபெடரல் சட்டம் 1990லேயே வந்துவிட்டது, திருப்பித் தருவது இன்னும் முடியவில்லை. இந்தத் துறையில் படிக்க வருகிற யாரும் அந்த வரலாற்றைத் தாண்டிப் போய்விட முடியாது. போகவும் கூடாது.

கட்டுரைக்கு வருவோம். டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு ஒரு கேள்வி கட்டாயம்: எடுக்கப் போகும் மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது. அதோடு ஏழில் மூன்று. ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். "சிறு வயது முதலே எனக்குப் பிற பண்பாடுகளில் ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரைகள் மூட்டை மூட்டையாக வரும். நீ இந்த இழையின் முதல் பதிவில் எழுதினாயே, அந்தக் கவுன்டர்காரர், அதையே எழுது. பார்த்ததை வைத்து நீயே ஒரு காரணம் கற்பித்தாய், திரும்பிப் போய்க் கேட்டதும் வேறு விடை கிடைத்தது. உன் தயாரிப்பு அதில் இருக்கிறது. எந்தெந்தப் பாடம் எடுத்தாய் என்பது மதிப்பெண் பட்டியலில் வந்துவிடும், கட்டுரையில் அதை அடுக்காதே. அப்புறம், அந்தக் கோயிலின் பெயரையோ அவரை அடையாளம் காட்டும் எதையுமோ எழுதாதே. எழுதப் போகிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

செங்காந்தள்

கேட்டுவிடுகிறேன் அக்கா. கடைசியாக ஒன்று. தொல்லியல் பாடம் எனக்குத் தோதான நேரத்தில் இங்கே கிடைக்கவில்லை. ஃபுட்ஹில் கல்லூரியில் எடுத்தால் ஏற்பார்களா?

வைகைக்கரை

ஏற்பார்கள். இரண்டும் ஒரே மாவட்டக் கல்லூரிகள், இரண்டும் குவார்ட்டர். ஆனால் அசிஸ்டில் ஃபுட்ஹில்லைத் தேர்ந்தெடுத்துத் தனியாகப் பார், பாட எண் ஒன்றாகவே இருந்தாலும் டி ஆன்சாவுக்கு எழுதியிருப்பது அதற்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதே. விண்ணப்பத்தில் இரண்டு கல்லூரியையும் காட்டு. சேர்க்கை கிடைத்ததும் இரண்டிலிருந்தும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் ஜூலை 1க்குள் போய்ச் சேர வேண்டும். ஆய்வகத்தில் இடம் சீக்கிரம் நிரம்பும், கோடைப் பதிவு திறந்த அன்றைக்கே போட்டுவிடு.